அமெரிக்க உள்நாட்டுப் போரும் அடிமைப் பெண்களும்: டெல்லியில் இருந்துகொண்டே ஆய்வு செய்ய முடியுமா?

முனிர்கா_மாணவி கேட்டது:

வணக்கம். டெல்லியில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்தில் ஆய்வேடு தர வேண்டும். அதையே பிஎச்.டி.க்கும் அடித்தளமாக வைத்துக்கொள்ளும் எண்ணம். எடுக்க நினைக்கும் பொருள்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) அடிமைப் பெண்கள் எந்தெந்த வழியில் விடுதலை அடைந்தார்கள் என்பது.

சந்தேகங்கள் மூன்று. ஆண்களுக்கு விடுதலை வந்த வழியும் பெண்களுக்கு வந்த வழியும் ஒன்றல்ல என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். சட்டத்தில் எந்த இடத்தில் அது பிடிபடும்? அடுத்து, வாஷிங்டன் போகக் காசில்லை. மூல ஆவணங்கள் இங்கிருந்தே எவ்வளவு கிடைக்கும்? மூன்றாவது, இந்தத் துறையில் பெயர் எடுத்தவர்கள் எங்கே தொடங்கி எப்படி நகர்ந்தார்கள்? என் வழிகாட்டி, "எதுக்கு அமெரிக்கா? மெட்ராஸ் மாகாணத்து அடிமைமுறையை எடு, ஆவணக் காப்பகம் ஜன்பத்திலேயே இருக்கு" என்கிறார். இரண்டையும் சேர்த்து ஒப்பிட்டால் எம்.ஏ. ஆய்வேட்டுக்குள் அடங்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

உங்கள் முதல் கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. அதனால் அதை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

போரிலிருந்து தொடங்காதீர்கள், 1662-லிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு வர்ஜீனியாவில் போட்ட சட்டம், பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளை தகப்பன் வழி. அதைத் தலைகீழாக்கினார்கள். தகப்பன் எஜமானாகவே இருந்தாலும் பிள்ளை அடிமைதான். 1808-ல் வெளிநாட்டு அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதற்கு அடிப்படை இதுதான். 1790 கணக்கெடுப்பில் சுமார் 7 லட்சம், 1860-ல் 39.5 லட்சம். ஆக, அடிமைமுறையே பெண்ணின் வயிற்றின்மேல் கட்டப்பட்ட சொத்துரிமை. இதை முதல் அத்தியாயத்தில் நிறுவாவிட்டால் பின்னால் வரும் சட்டங்கள் எல்லாம் வெறும் தேதிகளாகத் தெரியும்.

இனி போர். 1861 மே மாதம் வர்ஜீனியாவில் யூனியன் (வடதரப்பு அரசு) படையின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். மூவரும் ஆண்கள், தென்தரப்புப் படைக்கு அரண் கட்டும் வேலையில் இருந்தவர்கள். எதிரியின் போர்ச் சாதனத்தைக் கைப்பற்றலாம், இவர்களும் அப்படித்தான் என்று வாதாடிக் கோட்டைத் தளபதி ஜெனரல் பட்லர் திருப்பி அனுப்ப மறுத்தார். சில நாளில் பெண்களும் குழந்தைகளும் வரத் தொடங்கியதும் அவருடைய வாதம் இடித்தது. அரண் கட்டாத பெண் எப்படிப் போர்ச் சாதனம் ஆவாள்? என்ன செய்வது என்று வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டார். அந்த ஆகஸ்டில் வந்த முதல் பறிமுதல் சட்டம், தென்தரப்புப் போர்ப்பணியில் ஈடுபடுத்தப்பட்டவர்களை மட்டுமே சேர்த்தது. பெண்கள் பெரும்பாலும் வெளியே.

1862 ஜூலை 17 அன்று ஒரே நாளில் இரண்டு சட்டங்கள். இரண்டாம் பறிமுதல் சட்டம், கலகத்தில் சேர்ந்த எஜமானின் அடிமைகளை விடுவித்தது. மிலிஷியா (குடிப்படை) சட்டம், கலகக்கார எஜமானிடமிருந்து படைப்பணிக்கு வரும் அடிமை ஆணை விடுவித்தது. அவனுடைய தாய், மனைவி, பிள்ளைகளுக்கும் விடுதலை என்றது, ஆனால் அவர்களுடைய எஜமானும் கலகக்காரனாக இருந்தால் மட்டும். யூனியனுக்கு விசுவாசமான எஜமானிடமிருந்து படைக்கு வந்தவனையும் 1864 பிப்ரவரிச் சட்டம் விடுவித்தது, மனைவியை விடுவிக்கவில்லை. சிப்பாய் சுதந்திரன், அவன் மனைவி அடிமை. கென்டக்கியில் இதுதான் நடந்தது. அது யூனியனைவிட்டுப் பிரியாத மாநிலம், எனவே 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லாது. மிசௌரி, மேரிலாந்து, டெலவேர், டென்னசி, லூசியானாவிலும் வர்ஜீனியாவிலும் சில பகுதிகள் எல்லாமே பிரகடனத்துக்கு வெளியே இருந்தவை. "1863-ல் அடிமைகள் விடுதலை ஆனார்கள்" என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வேடுகள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கென்டக்கியில் யூனியன் படைக்குக் கறுப்பரைச் சேர்த்த நெல்சன் முகாமை நெருங்கிப் பாருங்கள். சேர வந்த ஆண்கள் குடும்பத்தோடு வந்தார்கள், ஏனென்றால் கணவன் பட்டாளத்துக்குப் போனால் மனைவியை எஜமான் வதைப்பான். 1864 நவம்பர் கடைசியில் கடுங்குளிரில் சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வெளியேற்றிக் குடிசைகளை அழித்தார்கள். ஏறக்குறைய 100 பேர் இறந்தார்கள். 124-வது கறுப்பர் காலாட்படையைச் சேர்ந்த ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் நவம்பர் 26 அன்று கொடுத்த பிரமாணப் பத்திரம் இருக்கிறது. பிள்ளைகள் நால்வர், வயது 10, 9, 7, 4. ஏழு வயதுப் பையன் நோயாளி. வண்டியில் ஏறாவிட்டால் எல்லாரையும் சுட்டுவிடுவேன் என்று காவலன் மிரட்டியிருக்கிறான். அன்றிரவே மில்லர் ஆறு மைல் தள்ளி நிக்கலஸ்வில்லில் குடும்பத்தைக் கண்டுபிடிக்கிறார், பையன் இறந்து கிடக்கிறான். இரவோடிரவாக முகாமுக்குத் திரும்பி, மறுநாள் மறுபடி நடந்து போய், தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வேலைக்கு வருகிறார்.

இப்போது வரலாற்றாசிரியராகக் கேட்க வேண்டியவை: இந்தப் பத்திரத்தை எழுதி வாங்கியது யார்? வெளியேற்றத்தை எதிர்த்த முகாம் அதிகாரிகள், மேலிடத்துக்கும் பொதுமக்களுக்கும் தெரியவேண்டும் என்று. வண்டியில் ஏற்றப்பட்டது மனைவி. ஆனால் வாக்குமூலம் கணவனுடையது. அவனுக்குத்தான் படையில் ஓர் இடம், ஓர் எண் இருந்தது. அவள் அவன் வாய்வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறாள்.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்து கொதிப்பை உண்டாக்கியது. 1865 மார்ச் 3 அன்று, எஜமான் யாராக இருந்தாலும் சிப்பாயின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை என்று காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணுக்கு விடுதலை துப்பாக்கி வழியாக வந்தது, பெண்ணுக்குத் தாலி வழியாக. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் அதுவரை ஏற்றதே இல்லை என்பதால், கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததற்கோ ஏதோ ஒரு சடங்கு நடந்ததற்கோ சாட்சி இருந்தால் போதும் என்று அதே தீர்மானத்தில் எழுதவேண்டி வந்தது. அப்படியானால் கணவன் வேறு மாநிலத்துக்கு விற்கப்பட்டவள்? மணமாகாதவள்? கணவன் படைக்கு வராதவள்? 1865 டிசம்பரில் 13-வது திருத்தம் வரும்வரை கென்டக்கியில் அவர்களுக்குச் சட்ட வழி ஏதும் இல்லை. உங்கள் ஆய்வுக் கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தாள்தூசி எழுதியது:

வைகைக்கரை அண்ணன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் ஆவணங்களைப் பற்றி மட்டும்.

இங்கிருந்தே காசில்லாமல் கிடைப்பதில் முதலிடம் ஃப்ரீட்மென்ஸ் பீரோ ஆவணங்களுக்கு. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865-ல் உருவாகி 1872-ல் மூடப்பட்ட அரசு அமைப்பு அது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆவணத் தொகுதி எண் 105. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் படங்களையே பார்க்கலாம். அங்கே பெயர் போட்டுத் தேடினால் மட்டும் போதாது. மாநிலம், பிறகு கள அலுவலகம், பிறகு பதிவேட்டு வகை என்று இறங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பெயர் அட்டவணை தயாரித்தவர்கள் கையெழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால் தேடலில் அந்த ஆள் வரவே மாட்டார். பெண்களுக்கு முக்கியமானவை புகார்ப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கூலி ஒப்பந்தம், ரேஷன் பட்டியல். கூலி ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல்: குடும்பத் தலைவன் பெயரில் கையொப்பம் இருக்கும், மனைவியும் பிள்ளைகளும் "கை" கணக்கில் முழுக் கை, அரைக் கை என்று வருவார்கள். அதைத் தலையெண்ணிக்கையாக எடுத்துவிடாதீர்கள்.

இதைவிட ஆழமானது விதவைப் பென்ஷன் கோப்பு. 1862 ஜூலைச் சட்டப்படி சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். கறுப்புச் சிப்பாய்கள் தரைப்படையில் மட்டும் சுமார் 1,79,000 பேர். அவர்களுடைய விதவைகளிடம் திருமணச் சான்று கிடையாது என்பதால் 1864-லும் 1866-லும் விதிகள் மாற்றப்பட்டன, சாட்சிகள் சொன்னால் போதும் என்று. அதனால்தான் அந்தக் கோப்புகள் இவ்வளவு தடிமன். ஒன்றைத் திறந்தால் விண்ணப்பப் படிவம், பிரசவம் பார்த்த பெண்ணின் வாக்குமூலம், அதே தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாக்குமூலம், சில சமயம் பழைய எஜமான் வீட்டாரின் கடிதம், சந்தேகம் வந்தால் சிறப்பு விசாரணை அதிகாரியின் அறிக்கை எல்லாம் இருக்கும். யாரோடு சேர்ந்து வாழ்ந்தாள், எந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது, எப்போது விற்கப்பட்டாள் என்று ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கை வேறெங்கும் இவ்வளவு கிடைக்காது.

ஆனால் அது எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை ஒரு நிமிடமும் மறக்கக்கூடாது. 1882 ஆகஸ்ட் 7 சட்டத்துக்குப் பிறகு, விதவை வேறொரு ஆணோடு வெளிப்படையாக வாழ்ந்தால் பென்ஷன் ரத்து. விசாரணை அதிகாரி அக்கம்பக்கத்தில் கேட்டதெல்லாம் இதைத்தான். பெண் "இல்லை" என்று சொன்னதும், அண்டை வீட்டார் "ஆமாம்" என்று சொன்னதும் மாதம் 8 டாலரை வைத்துப் பேசிய பேச்சு. பின்னால் தொகை உயர்ந்த காலத்துக்கும் இதுவே பொருந்தும். அதை அப்படியே குடும்ப அமைப்பு பற்றிய தரவாக எடுத்தால் தவறான முடிவுக்குத்தான் போவீர்கள்.

கோப்பைப் பெறும் முறை: பெயர்வரிசை அட்டைக் குறியீடு ஃபேமிலிசர்சில் இலவசம். அட்டையில் சிப்பாய் பெயர், படைப்பிரிவு, விதவையின் விண்ணப்ப எண், சான்றிதழ் எண் இருக்கும். இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பென்ஷன் அனுமதிக்கப்பட்டிருந்தால் கோப்பு பெரும்பாலும் சான்றிதழ் எண்ணில்தான் கிடக்கும். விடுதலைக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம், "மாற்றுப் பெயர்" என்ற வரியைத் தவறாமல் பாருங்கள். படைப்பிரிவு வாரியான தனிக் குறியீடும் உண்டு, பெயர் குழம்பும்போது அதுதான் கைகொடுக்கும். முழுக் கோப்பின் நகல் வேண்டுமென்றால் காப்பகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். முதல் 100 பக்கத்துக்கு 80 டாலர் என்பது பல ஆண்டு நடைமுறையில் இருந்த தொகை, அனுப்புமுன் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். எம்.ஏ.வுக்கு இரண்டு மூன்று கோப்பே தாராளம்.

1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் எஜமானுக்குத்தான் பெயர். அடிமைக்கு வயது, பாலினம், நிறம் மட்டும். விடுதலை பெற்றவர்கள் பெரும்பாலோர் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில்தான். 1860-ல் ஸ்மித் என்ற எஜமானிடம் 30 வயதுப் பெண், 1870-ல் அதே மாவட்டத்தில் 40 வயது ஸ்மித் என்ற கறுப்புப் பெண் என்றால் இருவரும் ஒருவரே என்று முடிச்சுப் போடுவார்கள். கடைசி எஜமானின் குடும்பப் பெயரையே எல்லாரும் வைத்துக்கொள்ளவில்லை. வயதும் உத்தேசமாக 5, 10 என்று முழு எண்ணில் எழுதப்பட்டது. இரண்டாவது ஆதாரம் ஒன்று இல்லாமல் அந்த முடிச்சைப் போடாதீர்கள்.

முனிர்கா_மாணவி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நெல்சன் முகாம் பத்திரம் எங்கே படிக்கக் கிடைக்கும்? அப்புறம், 1930-களில் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த பேட்டிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றனவே, அவற்றை மையமாக வைக்கலாமா? படிக்க எளிதாக இருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

மில்லர் பத்திரம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் விடுதலை ஆவணத் திட்டம் வெளியிட்ட தொகுதிகளில் இருக்கிறது. திட்டத்தின் இணையதளத்தில் மாதிரி ஆவணங்களிலும் போட்டிருக்கிறார்கள். 1976-ல் தொடங்கிய திட்டம் அது. தேசியக் காப்பகத்தின் மலைபோன்ற தாள்களிலிருந்து தேர்ந்து, குறிப்புகளோடு பதிப்பிப்பது வேலை. உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதுவே பதில். இன்று டியூக்கில் இருக்கும் தவோலியா கிளிம்ஃப் அந்தத் திட்டத்தின் 1985, 1990 தொகுதிகளில் பதிப்பாசிரியர்களில் ஒருவர். தோட்ட வீட்டுக்குள் எஜமானிக்கும் வேலைக்காரிக்கும் நடந்த வன்முறையைப் பற்றிய அவருடைய சொந்த நூல் 2008-ல்தான் வந்தது. 2024-ல் அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் தலைவரானார். பதிப்பு வேலை செய்த அந்த ஆண்டுகளை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த அதிகாரி எந்தப் படிவத்தை ஏன் நிரப்பினான் என்ற அறிவு அங்கேதான் ஊறுகிறது.

இன்னொரு வழி ஸ்டெஃபனி மெக்கரியுடையது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், இப்போது கொலம்பியாவில். முதல் நூலில் (1995) எடுத்தது அடிமைப் பெண்களை அல்ல. தென் கரோலினாக் கடலோரத்துச் சிறு விவசாயிகளின் குடும்பத்தை. மனைவிமேலும் பிள்ளைகள்மேலும் தனக்கிருந்த அதிகாரத்தைக் காப்பாற்றத்தான் ஏழை வெள்ளையன் பெரிய தோட்டக்காரன் பின்னால் போனான் என்று காட்டினார். அந்தக் குடும்பத்தைப் போருக்குள் கொண்டுபோனார் 2010 நூலில். கணவன்மார் கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கப்பட்ட பிறகு, பட்டினியில் இருந்த சிப்பாய் மனைவிகள் கவர்னருக்கும் போர் அமைச்சருக்கும் எழுதிய மனுக்கள் அதற்கு முதுகெலும்பு. 1863 ஏப்ரல் 2 ரிச்மண்ட் ரொட்டிக் கலவரம் அந்த மனுக்களின் தொடர்ச்சி. அதற்குப் பிறகு மூன்றாவது நூலில் (2019), யூனியன் படைக்காக எழுதப்பட்ட 1863 லீபர் போர்விதித் தொகுப்பு. போர்ச் சட்டம் முன் உளவாளிக்கும் துரோகிக்கும் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்ற அதன் 102-வது பிரிவைப் பிடித்து, போரில் பெண் அப்பாவி என்ற எண்ணம் எப்படி உடைந்தது என்று கேட்டார். ஒரு வட்டாரத்துக் குடும்பத்தில் தொடங்கி, உலகளாவிய போர்ச் சட்டம் வரை. கேள்வி ஒன்றேதான், களம்தான் விரிந்தது. மூன்று நூலுக்கும் இடையே கால் நூற்றாண்டு. அவசரப்படாதீர்கள்.

பேட்டிகள்: 1936–38-ல் எடுத்தவை, 2,300-க்கு மேல். மையமாக வைக்காதீர்கள், துணையாக வையுங்கள். சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை 1937-ல் வெள்ளைப் பெண் ஒருவரும் கறுப்பர் ஒருவரும் தனித்தனியே பேட்டி எடுத்தார்கள். முதலாமவரை நிவாரண அலுவலக ஆள் என்று மூதாட்டி நினைத்திருக்கிறார். எஜமான் நல்லவர் என்றார். இரண்டாமவரிடம் சவுக்கடியையும், பிள்ளையைப் பிரித்து விற்றபோது தாய்மார் கதறியதையும் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு மற்றப் பேட்டிகளைத் தொடுங்கள். ஒவ்வொன்றிலும் பேட்டி எடுத்தவர் பெயரை முதலில் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

கல்லணைக்காரர் எழுதியது:

வழிகாட்டி சொன்னதை அப்படியே தள்ளிவிடாதீர்கள் அம்மா. ஆனால் ஜன்பத்தில் எல்லாம் இருக்கிறது என்பதும் முழுச் சரியில்லை.

மெட்ராஸ் மாகாணத்துப் பண்ணை அடிமைமுறை பற்றிய அடிப்படை ஆவணம் வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள். 1819-ல் வாரியம் கலெக்டர்களிடம் கேட்டு வாங்கிய பதில்கள் அதில் முக்கியமானவை. மூலம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். ஆனால் அவற்றில் பெரும்பகுதி லண்டன் பாராளுமன்றத் தாள்களாக 1828-ல் அச்சாகி, இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1841 சட்ட ஆணைய அறிக்கையும் அப்படியே. அதற்கு முன்னால், 1800–01-ல் மைசூர், மலபார் வழியாகப் பயணம் செய்த புக்கானன் 1807-ல் வெளியிட்ட தொகுதிகள். மலபாரில் அடிமையை ஜன்மமாக விற்பது, காணமாக அடகு வைப்பது, பாட்டத்துக்கு விடுவது என்று மூன்று வகையையும் எழுதியிருக்கிறார். நிலத்துக்கு உள்ள அதே மூன்று வகை!

ஒப்பீடு இனிமேல்தான் கடினம். 1833 பிரிட்டிஷ் ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிக்குப் பொருந்தாது. இங்கே வந்தது 1843-ன் 5-வது சட்டம். அது யாரையும் விடுவிப்பதாக அறிவிக்கவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவே. இழப்பீடு இல்லை, பதிவேடு இல்லை, பீரோ இல்லை. அடிமை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமானது 1860 தண்டனைச் சட்டத்தின் 370, 371 பிரிவுகளில், அமலுக்கு வந்தது 1862-ல். பக்கத்துத் திருவிதாங்கூர் தனியாக 1855-ல் அறிவித்தது. ஆக, கென்டக்கிப் பெண்ணைப் பற்றி அரசு நூறு கேள்வி கேட்டு எழுதிவைத்தது போல் தஞ்சாவூர்ப் பள்ளரோ பறையரோ ஆன ஒரு பெண்ணைப் பற்றி எழுதவில்லை. சாதி, பண்ணை, ஆள் எண்ணிக்கை கிடைக்கும். பெயரோடு ஒரு பெண் பேசும் தாள் அபூர்வம். இரண்டு பக்கமும் சம அளவு ஆதாரம் கிடைக்கும் என்று நம்பி ஒப்பீட்டைத் தொடங்கினால் நடு வழியில் நின்றுவிடும்.

பெண்கள் தெரியும் இடம் பண்ணையைவிட வீட்டு அடிமைமுறையில்தான். வங்காளத்தை வைத்து இந்திராணி சாட்டர்ஜி 1999-ல் செய்த ஆய்வு அதற்கு வழிகாட்டி. ஜன்பத் காப்பகத்தில் உள்துறை, வெளியுறவுத் துறைத் தொடர்களைப் பாருங்கள். நடைமுறை: பல்கலைக்கழகக் கடிதம், அடையாள அட்டை கொண்டுபோய் ஆய்வறையில் பதிவு செய்யுங்கள். காப்பகத்தின் இணையப் பட்டியலான அபிலேக் படல் தளத்தில் முந்தின நாளே கோப்பு எண், துறை, மாதம், ஆண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் கோரிக்கைச் சீட்டு நிரப்பவே அரை நாள் போகும். சில சீட்டுகள் "மாற்றப்படவில்லை" என்றும், சில "தாள் நொறுங்கும் நிலை" என்றும் திரும்பி வரும். முதல் வகையில் அந்தக் கோப்பு துறையிலிருந்து காப்பகத்துக்கு வரவே இல்லை என்று பொருள், காத்திருந்து பயனில்லை. அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு எண்களோடு போங்கள்.

உள்நாட்டுப் போர், பெண்கள், மனு என்ற சேர்க்கை டெல்லியிலேயே வேண்டுமென்றால் 1857 கலகக்காலத் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை முற்றுகை நகரத்து மக்கள் பாதுஷாவுக்கும் கோத்வாலுக்கும் (நகரக் காவல் தலைவர்) கொடுத்த மனுக்கள். ஆனால் ஷிகஸ்தா எனும் விரைவு உருதுக் கையெழுத்து. உருது தெரிந்தவர்களே திணறுவார்கள். ஒரு பருவத்தில் கற்றுக்கொண்டு எழுதிவிடலாம் என்று இறங்காதீர்கள்.

முனிர்கா_மாணவி எழுதியது:

உருது தெரியாது. ஒப்பீட்டைக் கைவிட்டுவிட்டு அமெரிக்காவை மட்டும் எடுத்தால், நாலு மாதத்தில் முடியக்கூடிய அளவு எது? பிஎச்.டி.க்கு இங்கே பணம் எப்படி?

தாள்தூசி எழுதியது:

அளவாக வேண்டுமென்றால் மெம்பிஸ். 1866 மே 1 முதல் 3 வரை டென்னசியின் மெம்பிஸ் நகரில் வெள்ளைக் கும்பல் கறுப்பர்மேல் பாய்ந்தது. இறந்த கறுப்பர் 46, பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் பதிவான பெண்கள் ஐவர். காங்கிரஸ் குழு நேரில் வந்து சாட்சியம் எடுத்து அதே ஆண்டு அச்சிட்டது. முழு அறிக்கையும் இணையத்தில் இலவசம், அச்செழுத்து, கையெழுத்துத் தொல்லை இல்லை. ஃபிரான்சஸ் தாம்சன், லூசி ஸ்மித் இருவரும் தங்கள் வீட்டுக்குள் நடந்ததைக் குழுமுன் சொன்னார்கள். அடிமையாக இருந்தவரை எந்த நீதிமன்றமும் இந்தக் குற்றத்தைக் குற்றமாகவே எடுத்திருக்காது. 1866-ல் அரசு அதிகாரி எழுதிக்கொள்ள அவர்கள் பேசுகிறார்கள். அதன் எடையை ஆய்வேட்டில் கொண்டுவர வேண்டும்.

சாட்சியம் படிக்கும்போது பதிலை மட்டும் பிரதி எடுக்காதீர்கள், குழு கேட்ட கேள்வியையும் சேர்த்தே எடுங்கள். எதிர்த்தீர்களா, எவ்வளவு எதிர்த்தீர்கள் என்ற தொனியில் வரும் கேள்விகளே பாதிக் கதையைச் சொல்லும். அடுத்து, தாம்சன் 1876-ல் பெண்ணுடை அணிந்த ஆண் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார். உடனே பழைய எதிரிகள், பத்து வருடம் முன் சொன்ன சாட்சியமே பொய், அறிக்கையே பொய் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். இதை ஒரு வேடிக்கைத் துணுக்காக அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு சாட்சியின் உடலைக் காட்டி ஐந்து பெண்களின் வாக்குமூலத்தை அழிக்கப் பார்த்த முயற்சி அது. ஓர் அத்தியாயமே தாங்கும்.

நாலு மாதத்தை இப்படி வெட்டுங்கள்: முதல் மாதம் அறிக்கை முழுவதையும் படித்துச் சாட்சி வாரியாகப் பட்டியல். பெயர், பால், நிறம், எந்த நாள், யார் கேட்டது, பக்க எண். இரண்டாவது மாதம் ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் மெம்பிஸ் அலுவலகத் தாள்களில் அதே பெயர்கள் வருகின்றனவா என்று தேடல். மற்ற இரண்டும் எழுத. ஃபோட்டோக்களை டிராப்பியில் அடுக்குங்கள், குறிப்புகள் ஸொட்டெரோவில், இரண்டும் இலவசம். படத்தை இறக்கும்போதே தொகுதி எண், சுருள் எண், பட எண் மூன்றையும் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் மேற்கோள் காட்டவே முடியாமல் போகும்.

பணம்: யுஜிசி நெட் வரலாறு, பாட எண் 06. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000, 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. பதிவான பிறகு ஹெய்லி ரோட்டில் உள்ள அமெரிக்க இந்தியக் கல்வி அறக்கட்டளையில் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வாஷிங்டன் காப்பகம் போக அதுதான் நேர் வழி. விண்ணப்பத்தில் "ஆவணங்களைப் பார்க்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. பென்ஷன் கோப்புகள் உள்ள ஆவணத் தொகுதி 15-ல் இன்ன படைப்பிரிவின் இத்தனை விதவைக் கோப்புகள், அவை இணையத்தில் இல்லை, எண்கள் இவை என்று எழுதுங்கள். இப்போதே அட்டைக் குறியீட்டிலிருந்து எண்களைச் சேர்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

வைகைக்கரை எழுதியது:

மெம்பிஸ் நல்ல தேர்வு, வழிமொழிகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாகப் பிஎச்.டி. விண்ணப்பிப்பதாக இருந்தால் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் விழும். எழுத்து மாதிரியாக இந்த ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே போகலாம், 20, 25 பக்கத்துக்குள். தாம்சன் அத்தியாயத்தை அனுப்புங்கள். மேற்கே போகும் இந்திய மாணவரிடம் இந்திய வரலாற்றைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், பெல்ஃபாஸ்ட் பெண் தென் கரோலினாவை எழுதவில்லையா. வேலை பற்றி வீட்டுக்கு நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று: இந்தியாவில் அமெரிக்க வரலாற்றுக்கென்று தனி இடங்கள் மிகக் குறைவு. நவீன உலக வரலாறு, பாலின வரலாறு இரண்டையும் கற்பிக்கத் தகுதியாக உங்கள் பாடப் பட்டியலை இப்போதே அமைத்துக்கொள்ளுங்கள். கல்லணைக்காரர் சொன்ன 1843 சட்டத்தையும் 1841 அறிக்கையையும் அதற்காகவாவது படித்து வையுங்கள்.

கல்லணைக்காரர் எழுதியது:

1841 அறிக்கையைப் படிக்கும்போது, அடிமைப் பெண்ணின் பிள்ளை யாருடைய உடைமை என்று ஆணையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்ட இடத்தைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் தாயின் எஜமானுக்கு, சில இடங்களில் வேறு வழக்கம். 1662 வர்ஜீனியாச் சட்டத்தோடு ஒப்பிட ஒரு நாள் உதவும். உங்கள் வழிகாட்டியிடமும் அதைக் காட்டுங்கள், அமெரிக்காவுக்குச் சம்மதிப்பார்.